மரமேறுமுன்



மாங்காய்க்காக மரமேறும் சிறுவனைக் குறும்பன் என்கிறோம். பிழைப்புக்காக ஏறும் பெரியவரைக் கூலியாள் என்கிறோம். இவ்விருவருள் எவர் விழுந்தாலும் நாம் சொல்லும் சொல் ஒன்றே. ‘விதி’ என்பதே அது. அந்தச் சொல் சரிதானா என்று ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

விழுதல் மரத்தின்மேல் நிகழ்கிறது, உண்மை. ஆனால் அதற்குரிய காரணம் பெரும்பாலும் தரையிலேயே தோன்றிவிடுகிறது. எந்த மரம், எந்த நேரம், எந்தக் கயிறு, எந்த ஏணி, யார் துணை என்பன எல்லாம் கால் மண்ணை விட்டு எழுமுன்பே முடிவாகிவிடுகின்றன. முடிவு செய்தவர்கள் மனிதர்கள். மனிதர் செய்த முடிவுக்கு விதியின்மேல் பழி போடுவது நியாயமன்று.

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். புவியீர்ப்பைப் பற்றி நீங்கள் பள்ளியில் படித்திருக்கிறீர்கள். 5 மீட்டர் உயரம் என்பது ஓரளவு வளர்ந்த மாமரத்தின் நடுக்கிளை. அங்கிருந்து விழும் பொருள் தரையைத் தொடச் சுமார் 1 விநாடி ஆகும். தொடும்போது அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 10 மீட்டர்; அதாவது மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீட்டர். 20 மீட்டர் உயரமுள்ள தென்னையின் உச்சியிலிருந்து விழுந்தால் 2 விநாடி ஆகும். வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டும். ‘விழும்போது எதையாவது பற்றிக்கொள்வேன்’ என்று சொல்லும் இளைஞன் அந்த ஒரு விநாடியை அளந்து பார்த்தவனல்லன்.

இன்னொன்றும் உண்டு. நம்மைக் காயப்படுத்துவது வேகமன்று. அவ்வேகம் எவ்வளவு சிறிய தூரத்தில் நிறுத்தப்படுகிறது என்பதே. இதனை வகுப்பில் ஒரு முட்டையைக் கொண்டு நான் விளக்குவதுண்டு. இரு மாணவர் ஒரு போர்வையைத் தொய்வாகப் பிடித்து நிற்பார்கள். மூன்றாமவன் அதன்மேல் முட்டையை ஓங்கி எறிவான். முட்டை உடையாது. அதே முட்டை ஒரு முழ உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தால் நொறுங்கிவிடும். போர்வை முட்டையோடு சிறிது தூரம் சென்று அதனை நிறுத்துகிறது; தரை அவ்வாறு செல்வதில்லை. 5 மீட்டர் விழுந்த உடல் 10 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுமானால், அதன் எடையைப்போல் ஏறத்தாழ 50 மடங்கு விசை அதன்மேல் பாய்கிறது. 60 கிலோ எடையுள்ள மனிதன் ஒரு கணம் 3 டன் பாரத்தைத் தாங்குவது போன்றது அது. அதே உடல் 1 மீட்டர் தூரத்தில் நிறுத்தப்படுமானால் விசை 6 மடங்காகக் குறைந்துவிடும். விழும் தூரத்தைக் குறைத்தல், நிற்கும் தூரத்தைக் கூட்டுதல் ஆகிய இரண்டுமே பாதுகாப்புக் கருவிகள் பலவற்றுக்கும் அடிப்படை. இதனை மனத்திற் கொண்டால், கடையில் எந்தக் கருவியைப் பார்த்தாலும் அது மெய்யாகவே காக்குமா, வெறும் அலங்காரமா என்று நீங்களே கண்டுகொள்ளலாம்.

இனித் தரையில் நின்றே கேட்கவேண்டிய கேள்விகளுக்கு வருவோம். முதற்கேள்வி, ஏறத்தான் வேண்டுமா என்பது. மிகச் சிறந்த பாதுகாப்பு, ஏறவேண்டிய தேவையே இல்லாமற் செய்துகொள்வது. இம்முடிவைக் கன்று நடும் நாளிலேயே எடுக்கலாம். தென்னையில் நெட்டை இனமும் உண்டு. குட்டை இனமும் உண்டு. வீட்டுக்கு இளநீர் போதும் என்போர் சாவக்காடு ஆரஞ்சுக் குட்டை போன்ற இனத்தை நட்டால், பல ஆண்டுகள்வரை நிலத்தில் நின்றே குலையை எட்டலாம். மாவையும் கொய்யாவையும் இளமையிலேயே கவாத்துச் செய்து தாழப் படரவிட்டால், காய் கைக்கெட்டும் உயரத்தில் காய்க்கும். மரத்தை வானளாவ வளரவிட்டுப் பிறகு மனிதனை அதன் உச்சிக்கு அனுப்புவதைவிட இது அறிவுடைய செயல்.

வளர்ந்துவிட்ட மரமாயின் தொரட்டி இருக்கிறது. நீண்ட கழியின் நுனியில் அரிவாளோ கொக்கியோ பொருத்திய இந்தக் கருவி நம் முன்னோரின் நல்ல கண்டுபிடிப்பு. மாங்காய் பறிக்கக் கொக்கியின் கீழ் ஒரு வலைப்பையைக் கட்டிக்கொண்டால் காயும் அடிபடாது, பறிப்பவர் தலையும் தப்பும். தொரட்டி பிடிப்பவர் காய்க்கு நேர் கீழே நிற்கலாகாது. கழியைச் சாய்த்துப் பிடித்து விலகி நிற்கவேண்டும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள தேங்காய் 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும் என்பதை முன்னரே கண்டோம்.

ஆனால் தொரட்டியிலும் தேர்வு உண்டு. இந்நாளில் கடைகளில் அலுமினியக் குழாயாலான தொரட்டி கிடைக்கிறது. எடை குறைவு, விரும்பிய நீளத்துக்கு நீட்டலாம் என்று பலரும் அதனை விரும்பி வாங்குகின்றனர். அலுமினியம் மின்சாரத்தை மிக எளிதாகக் கடத்தும் உலோகம். மின்கம்பிகளையே அதனால்தான் செய்கிறார்கள்! வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். தெருவோரம் உயரச் செல்லும் கம்பிகளுட் பல 11,000 வோல்ட் கொண்டவை. தலைக்கு மேலே தேங்காயை நோக்கிய கண், அருகில் செல்லும் கம்பியைக் காண்பதில்லை. தேங்காய் பறிக்க நீட்டிய கழி கம்பியில் பட்டு மாண்டவர்களைப் பற்றிய செய்தி நாளேடுகளில் அடிக்கடி வருவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். உலர்ந்த மூங்கில் மின்சாரத்தை எளிதில் கடத்தாது என்பது மெய். ஆனால் பச்சை மூங்கிலும் மழையில் நனைந்த மூங்கிலும் கடத்தும். கண்ணாடியிழைக் கழி இவற்றினும் மேலானது. அதுவும் உலர்ந்தும் தூய்மையாகவும் இருந்தால்தான். எக்கழியாயினும் நுனி மின்கம்பியிலிருந்து 3 மீட்டருக்குள் செல்லலாகாது. கம்பியை உரசி நிற்கும் கிளையை நாமே வெட்ட முற்படாமல் மின்வாரியத்துக்குத் தெரிவித்து, மின்சாரத்தை நிறுத்தியபின் வெட்டச் செய்வதே முறை.

இரண்டாவது கேள்வி, இந்த மரம் தாங்குமா என்பது. மரங்களின் குணத்தை நம் மொழியே நமக்குக் கற்பிக்கிறது. நல்ல துணை வாய்த்தவனைப் ‘புளியங்கொம்பைப் பிடித்தவன்’ என்கிறோம். புளியின் கட்டை கடினமானது. அதன் கொம்பு எளிதில் முறியாது. முருங்கைமரத்தில் ஏறுவது வேதாளம் என்று கதை சொல்கிறோம். வேதாளத்துக்கு எடை கிடையாது, ஏறலாம்! நமக்கு எடை உண்டு. முருங்கையின் கட்டை பஞ்சுபோல் மென்மையானது. வளைந்து எச்சரிக்காமலே முறிந்துவிடும். நாவலும் அப்படியே. பழம் கறுத்துப் பழுத்த காலத்தில் சிறுவர்களைக் கைகாட்டி அழைக்கும், கிளையோ நம்பத்தக்கதன்று. பப்பாளியின் தண்டோ உள்ளே கூடானது.

உறுதியான மரத்திலும் பட்ட கொம்பு இருக்கலாம். இலையற்றிருத்தல், பட்டை உரிந்திருத்தல், காளான் முளைத்திருத்தல், தட்டினால் பொள்ளல் ஓசை கேட்டல் ஆகியவை அதன் அடையாளங்கள். நல்ல கொம்பிலும் கால் வைக்கவேண்டிய இடம் அடிப்பகுதியே. அடிமரத்திலிருந்து ஒரு முழத்தில் நிற்பவன், இரண்டு முழம் தள்ளி நின்றால் கொம்பின் அடியை முறிக்கும் ஆற்றல் இருமடங்காகிறது. நுனியிலோ கொம்பும் மெலிந்துவிடுகிறது. வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் நுனிக்கொம்பேறியை எடுத்துக்காட்டியது காரணத்தோடுதான். அவர் அரசனுக்குச் சொன்னது, மாங்காய் பறிக்கும் சிறுவனுக்கும் சொல்லுக்குச் சொல் பொருந்தும்.

ஏறுமுன் மரத்தை ஒருமுறை சுற்றிவந்து அண்ணாந்து பாருங்கள். குளவிக்கூடோ, கதண்டோ, தேனடையோ இருக்கிறதா? தரையில் கொட்டினால் ஓடிவிடலாம். மரத்தின் மேல் கொட்டினால் கை தானே விட்டுவிடும். மழை பெய்து ஓய்ந்த காலை, பனி நனைத்த விடியல், பாசி பிடித்த அடிமரம் ஆகிய மூன்றும் வழுக்குதலுக்கு உற்ற நண்பர்கள். அவசரம் இல்லையெனில் வெயில் ஏறும்வரை காத்திருப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

மூன்றாவது கேள்வி, எதன்மேல் ஏறுவது? வீட்டுத் தோட்டத்தில் பெரும்பாலும் ஏணிதான். ஏணியைச் செங்குத்தாக நிறுத்தினால் பின்புறம் சாயும். மிகச் சாய்த்தால் அடி வழுக்கும். நான்குக்கு ஒன்று என்பது நல்ல கணக்கு. ஏணி சாரும் இடம் 4 மீட்டர் உயரமாயின், அதன் அடி மரத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும். உருண்டையான அடிமரத்தில் ஏணியின் தலை உருளும். ஆதலால் மேல்முனையைக் கயிற்றால் மரத்தோடு கட்டவேண்டும். கட்டும்வரை கீழே ஒருவர் அழுத்திப் பிடிக்கவேண்டும். உச்சிப்படியில் நிற்கலாகாது. எட்டாத காய்க்காக உடலை வளைத்து எட்டுவதே ஏணி விபத்துகளுக்குப் பெருங்காரணம். வயிற்றின் நடுப்பகுதி ஏணியின் இரு சட்டங்களுக்கு இடையிலேயே இருக்கட்டும். எட்டாவிடில் இறங்கி ஏணியை நகர்த்துங்கள். இரு கை, இரு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் எதையாவது பற்றியிருக்கவேண்டும் என்பது ஏணிக்கும் கிளைக்கும் பொது விதி. அரிவாளைக் கையிற் பிடித்துக்கொண்டு ஏறுபவனால் இதனைப் பின்பற்ற முடியாது. கருவியை உறையில் இட்டு இடுப்பில் செருகவேண்டும். அன்றி மேலே சென்றபின் கயிற்றால் இழுத்துக்கொள்ளவேண்டும்.

இந்த இரகசியத்தை நம் நாட்டுப் பனையேறிகள் நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர். பாளை சீவும் அரிவாளை அவர்கள் இடுப்பின் பின்புறம் கட்டிய அரிவாள் பெட்டியில் வைத்தே ஏறுவார்கள். மார்பு மரத்தில் உராயாதபடி தோல் கட்டிக்கொள்வார்கள். கால்களை இணைக்கும் தளைநார், பாதங்கள் மரத்தை விட்டு விலகாதபடி இறுக்கிப் பிடிக்கிறது. அடிமரத்தில் முதற்படியாக முருக்குத்தடி உதவுகிறது. பருவக் காலத்தில் ஒவ்வொரு மரத்திலும் நாளைக்கு இருமுறை ஏறவேண்டும். ஒருவர் 15 மீட்டர் உயரமுள்ள 30 மரங்களில் காலையும் மாலையும் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். அவர் ஏறும் உயரம் ஒரு நாளில் 900 மீட்டர். மூன்று நாளில் 2,700 மீட்டர். நீலகிரியின் உச்சியாகிய தொட்டபெட்டாவின் உயரமே 2,637 மீட்டர்தான்! மூன்று நாளுக்கு ஒரு தொட்டபெட்டா ஏறும் அம்மனிதருக்கு நாம் விருது எதுவும் வழங்குவதில்லை.

அவருடைய கருவிகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவற்றின் எல்லையை அறியவேண்டும். தளைநார் ஏறுதலுக்குத் துணை. பிடி நழுவினால் அது உடலைத் தாங்காது. இலங்கையின் தென்மேற்குக் கரையோரத்தில் கள் இறக்குவோர் தென்னைகளின் உச்சிகளைக் கயிறுகளால் இணைத்து, ஒரு மரத்தில் ஏறிப் பல மரங்களுக்கு மேலேயே நடந்து செல்கின்றனர். ஏறி இறங்கும் உழைப்பு குறைகிறது. ஆனால் கயிறு அறுந்தால் என்னாகும் என்ற அச்சம் புதிதாகச் சேர்கிறது. ஒரு சாதனம் ஓர் ஆபத்தை நீக்கும்போது வேறோர் ஆபத்தைக் கொண்டுவருகிறதா என்று பார்ப்பதே தேர்வின் நுட்பம்.

தென்னையேறும் யந்திரத்துக்கும் இதே உரைகல்தான். கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த அப்பச்சன் என்னும் எம். ஜே. ஜோசப் உருவாக்கிய யந்திரம் புகழ்பெற்றது. அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றும் கால்மிதியோடு கூடிய ஒரு கம்பிவடக் கண்ணி. கால் அழுந்தும்போது கண்ணி மரத்தை இறுகப் பற்றுகிறது. எடையை எடுத்தால் தளர்கிறது. வலமும் இடமும் மாறி மாறி உயர்த்தி, மாடிப்படி ஏறுவது போல் ஏறலாம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011ஆம் ஆண்டில் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, இத்தகைய யந்திரங்களில் இளைஞருக்குப் பயிற்சி அளித்தது. பெண்களும் அப்பயிற்சி பெற்று மரமேறினர். அடிமரத்தில் படி வெட்டவேண்டிய தேவையும் இதனால் நீங்குகிறது. அவ்வாறு வெட்டும் காயங்கள் சிவப்புக் கூன்வண்டுக்கு வாயிலாகும் என்பதை உழவர் அறிவர். ஆகவே யந்திரம் மனிதனுக்கும் நல்லது, மரத்துக்கும் நல்லது.

ஆயினும் அதற்கும் எல்லை உண்டு. நேராகவும் ஒரே பருமனாகவும் உயர்ந்த மரத்தில் அது நன்கு இயங்கும். சாய்ந்து வளர்ந்த தென்னையில் கடினம். மட்டையடிகள் ஒட்டிய பனையில் கண்ணி தட்டித் தடுமாறும். உச்சியை அடைந்தபின், ஏறுபவர் குலையை நோக்கி உடலைச் சாய்க்கவேண்டும். அப்போது யந்திரம் காலை மட்டுமே தாங்குகிறது. ஏறுவதை எளிதாக்குவது ஒரு வேலை. விழுவதைத் தடுப்பது மற்றொரு வேலை. முன்னதை வாங்கிவிட்டுப் பின்னதும் வந்துவிட்டதாக எண்ணலாகாது.

பின்னதற்கு உரியது பாதுகாப்புப் பட்டை. இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கின்றனர். விழும்போது அந்தக் கயிறு வயிற்றை அறுப்பது போல் இழுத்து, உள்ளுறுப்புகளையும் முதுகெலும்பையும் சிதைக்கக்கூடும். தொடை, இடுப்பு, தோள், மார்பு ஆகிய எல்லாவற்றையும் சுற்றிவரும் முழுவுடல் பட்டை, விசையை உடல் முழுவதும் பரப்புகிறது. வாங்கும்போது இந்தியத் தர அமைவனத்தின் முத்திரையைப் பாருங்கள். பட்டைக்குரிய தர எண் ஐ.எஸ். 3521, தலைக்கவசத்துக்குரியது ஐ.எஸ். 2925. மோட்டார் சைக்கிள் கவசம் இதற்கு உதவாது. அது பார்வையையும் காதையும் மறைக்கும். தாடைவார் இல்லாத கவசம், விழும் மனிதனுக்கு முன்பே தரைக்கு வந்துவிடும்.

பட்டையோடு இணையும் கயிற்றைக் காலடியில் கட்டாமல் தலைக்கு மேலுள்ள உறுதியான இடத்திற் கட்டவேண்டும். அப்போதுதான் விழும் தூரம் குறையும். கயிற்றின் வகையும் முக்கியம். தேங்காய்நார்க் கயிறு ஈரத்தில் மக்கும். வெளியே நன்றாகத் தோன்றினும் உள்ளே இற்றிருக்கும். மூட்டை கட்டும் மலிவான பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நொய்ந்துவிடும். நைலான் சிறிது நீளுந்தன்மை உடையது. போர்வையைப்போல் நிற்கும் தூரத்தைக் கூட்டுவது அதன் சிறப்பு. எந்தக் கயிறாயினும் முடிச்சு அதன் வலிமையைக் குறைக்கும். அரிவாள் ஒருமுறை பட்டால் அது கயிறன்று, பொறி. மேலும் ஒன்று: தனியாக ஏறலாகாது. பட்டை தாங்கித் தொங்கும் மனிதனை விரைவில் இறக்கவேண்டும். அசையாமல் நெடுநேரம் தொங்குவதே உயிருக்குத் தீங்காகலாம். கீழே ஒருவர் இருப்பதும் ஒரு பாதுகாப்புக் கருவியே.

தரையில் செய்யும் தோட்டவேலைக்கும் இதே ஆராய்ச்சி பொருந்தும். கூரிய கத்தியைவிட மழுங்கிய கத்தியே ஆபத்தானது. அதனை அழுத்தவேண்டியிருக்கிறது, அழுத்தினால் நழுவுகிறது. பருத்த கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால், பாதியில் முறிந்து பட்டையைக் கிழித்துக்கொண்டு வெட்டுபவர்மேலேயே ஊசலாடி விழும். முதலில் அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக் கீழ்ப்புறத்தில் பாதியளவு அறுத்து, பின்பு அதற்குச் சற்று அப்பால் மேலிருந்து அறுத்தால் கிளை ஒழுங்காக விழும். மீந்த துண்டை, கிளையின் அடியிலுள்ள புடைப்பு கெடாமல் கடைசியில் அறுத்தெடுக்கலாம். புல்வெட்டும் யந்திரம் சிறு கல்லையும் குண்டுபோல் வீசும். முகக்கவசமின்றி அதனை இயக்குபவர் ஒரு கண்ணைப் பணயம் வைத்து விளையாடுகிறார்.

உலர்ந்த மட்டைக் குவியலையும் செங்கல் அடுக்கையும் வெறுங்கையால் கிளறுவது, நாகமும் விரியனும் வாழும் நம் நாட்டில் வேண்டாத துணிவு. நீண்ட கழியால் கிளறியபின் கை வையுங்கள். காலில் முழங்காலளவு ரப்பர் பூட்ஸும், இருட்டில் கையில் விளக்கும் இருக்கட்டும். பாம்பு கடித்துவிட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் தீமையே. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், முறிமருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைவதே செய்யத்தக்கது. துருவோ மண்ணோ பட்ட காயம் சிறிதாயினும் ரணஜன்னி ஊசியை மறக்கலாகாது.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் விழுந்துவிட்டால் என் செய்வது? நம்மவர் செய்யும் முதற்செயல், நால்வர் ஓடிவந்து கையையும் காலையும் பற்றித் தூக்குவது. அன்பினால் செய்யும் அச்செயலே சிலரை வாழ்நாள் முழுதும் முடவராக்கிவிடுகிறது. முதுகெலும்பு முறிந்தும் தண்டுவடம் அறுபடாதிருக்கும் நிலையில், உடல் மடங்கினால் எலும்பு தண்டுவடத்தை அறுத்துவிடும். விழுந்தவரை அசைக்காதீர்கள். தலையும் கழுத்தும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கச் செய்து, 108க்குச் செய்தி சொல்லுங்கள். நகர்த்தியே தீரவேண்டுமானால் ஒரு பலகையின்மேல், பலர் சேர்ந்து, ஒரே அசைவாக நகர்த்துங்கள்.

தண்டுவடம் சிதைந்தவர்களின் வாழ்வும் முடிந்துவிடுவதில்லை. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை மருத்துவம் செய்தார். அவருடைய முயற்சியால் 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் தோன்றியது. மரத்திலிருந்து விழுந்த உழைப்பாளிகள் பலர் அத்தகைய நிலையங்களில் மீண்டும் எழுந்து உட்காரக் கற்றிருக்கின்றனர். ஆனால் அங்குச் செல்லாமற் காப்பதே நம் கடமை.

ஆசிரியனாக நான் கண்ட ஒன்றைச் சொல்லவேண்டும். என்னிடம் பத்தாம் வகுப்பில் பயின்ற ஒரு மாணவனைச் சக மாணவர் சிலர் ‘பனையேறி மகன்’ என்று இகழ்ந்து அழைப்பதைக் கேட்டுக் கண்டித்திருக்கிறேன். அவ்வாண்டு மாசி மாதத்தில் அவன் தந்தையார் பனையிலிருந்து விழுந்தார். உயிர் தப்பியது, கால்கள் தப்பவில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே நாள்தோறும் வராமைக் குறி இட்டுவந்தேன். தேர்வு நாளன்றும் அதே குறிதான். தந்தைக்குப் பதிலாக அவன் வேலைக்குச் சென்றுவிட்டான். கணக்கில் அவனை விஞ்சியவர் அவ்வகுப்பில் இருவரே இருந்தனர்.

அவனை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இது. இகழ்ச்சிக்கும் அந்த விபத்துக்கும் தொடர்பு உண்டு. எத்தொழிலை நாம் இழிவென்று எண்ணுகிறோமோ, அத்தொழிலுக்குரிய கருவியைப் பற்றி நாம் சிந்திப்பதில்லை. தொழிற்சாலையில் தலைக்கவசம் இல்லாமல் ஒருவரை உள்ளே விடமாட்டோம். அதே மனிதர் நம் வீட்டுத் தென்னையில் வெறுங்காலோடு ஏறும்போது, மரத்துக்கு எவ்வளவு கூலி என்று மட்டுமே பேரம் பேசுகிறோம். பனையை மாநில மரம் என்று போற்றுகிறோம். அதில் ஏறுபவரின் முதுகெலும்பைப் போற்றுகிறோமா?

ஆகவே மாணவர்களே, உங்கள் வீட்டில் அடுத்தமுறை மரமேற ஒருவர் வரும்போது நீங்கள் செய்யத்தக்கன சில உண்டு. அவரை ‘ஐயா’ என்றோ ‘அண்ணே’ என்றோ மரியாதையாக அழையுங்கள். மரத்தருகே மின்கம்பி செல்கிறதா என்று அவரோடு சேர்ந்து பாருங்கள். பட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையெனில், தெருவார் சேர்ந்து ஒன்று வாங்கி வைக்கலாமே என்று உங்கள் பெரியவர்களிடம் சொல்லுங்கள். தென்னையேறுவோருக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் ‘கேர சுரக்ஷா’ என்னும் விபத்துக் காப்பீடு உண்டு. பனைத் தொழிலாளருக்குத் தமிழ்நாட்டில் தனி நல வாரியம் உண்டு. அவற்றில் பதிந்திருக்கிறாரா என்று விசாரித்து, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். நீங்கள் கற்ற கல்வி அதற்கேனும் பயன்படட்டும். அவர் ஏறும்போது கீழே விலகி நின்று, இறங்கும்வரை இருங்கள்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவன்று, பெருந்துணிவும் வேண்டியதில்லை. கால் மண்ணை விட்டு எழுமுன் இரண்டு நிமிட நேரம் நின்று எண்ணினால் போதும். விழுவதற்கு ஆகும் நேரமோ இரண்டு விநாடி.